பழைய இயந்திரத் துப்பாக்கிகள் எப்படி ஓடின, ஏன் பாதியில் நின்றன?

“கேட்லிங், மாக்சிம் மாதிரியான பழைய இயந்திரத் துப்பாக்கிகள் உள்ளே எப்படி வேலை செய்தன? நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் சுட்டதாகச் சொல்கிறார்களே, அப்படியானால் போர்க்களத்தில் ஏன் அடிக்கடி மக்கர் பண்ணின?” என்பது கேள்வி.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. பேக்கிங் இயந்திரங்களைப் பழுது பார்த்தே காலம் ஓட்டியவன். ஒரு பக்கம் காலி பாட்டில் வரும், நடுவில் நிரம்பும், மூடி ஏறும், மறுபக்கம் வெளியே போகும். அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும், நிரப்புகிற இடத்தில் கோளாறு வருவது அபூர்வம். உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும்தான் உயிரை வாங்கும். ஒரு பாட்டில் லேசாகச் சாய்ந்து வந்தால் போதும், லைன் முழுக்க நின்றுவிடும். இந்தத் துப்பாக்கிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது முதலில் கண்ணில் பட்டது இந்த ஒற்றுமைதான். ஆகவே பாட்டிலுக்குப் பதில் தோட்டாவை வைத்துக்கொண்டு இந்தப் பதிலைப் படியுங்கள்.

ஒருமுறை சுடுவதற்கு என்னவெல்லாம் நடக்க வேண்டும்? தோட்டா குழலின் பின்முனைக்கு வர வேண்டும். அறைக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழிக்குள் போக வேண்டும். பின்பக்கம் மூடிப் பூட்ட வேண்டும். ஊசி தட்ட வேண்டும். வெடித்த வாயுவின் அழுத்தம் இறங்கும்வரை பூட்டு திறக்கக் கூடாது. அப்புறம் காலிக் கூட்டை இழுத்து வெளியே எறிய வேண்டும். அடுத்த அடிக்கு ஊசியின் ஸ்பிரிங்கை இழுத்து வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 600 முறை என்றால் இவ்வளவுக்கும் சேர்த்துக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு.

இதைத் தோட்டா வருவதற்கு முன்பே செய்து பார்த்தவர்கள் உண்டு. லண்டனில் ஜேம்ஸ் பக்கிள் என்பவர் 1718இல் ஒரு துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். முக்காலியில் ஒரே குழல், பின்னால் கையால் திருப்புகிற உருளை, கல்லில் உரசித் தீப்பொறி. 1722இல் மழையில் 7 நிமிடத்தில் 63 முறை சுட்டுக் காட்டினார்கள். கிறிஸ்தவர்களைச் சுட உருண்டைக் குண்டு, துருக்கியரைச் சுடச் சதுரக் குண்டு என்று காப்புரிமையிலேயே எழுதி வைத்த புண்ணியவான். யாரும் பெரிதாக வாங்கவில்லை. மருந்து தனி, குண்டு தனி, தீ தனி என்று இருக்கும்வரை கை வேகத்தைத் தாண்ட வழியே இல்லை.

வழி திறந்தது பித்தளைத் தோட்டாவால். மருந்து, குண்டு, தீ மூட்டும் பொருள் மூன்றும் ஒரே கூட்டில். அதைவிட முக்கியமான இன்னொரு வேலையையும் அந்தக் கூடு செய்தது. வெடிக்கும்போது அது விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால் வாயு பின்பக்கம் கசியாது. அழுத்தம் இறங்கியதும் மயிரிழை சுருங்கிச் சுவரை விடுகிறது, அதனால் கொக்கி போட்டு இழுக்க முடிகிறது. விரிவதும் சுருங்குவதும் சரியான அளவில் நடந்தால் துப்பாக்கி ஓடும். கூடு கிழிந்தாலோ, சுருங்காமல் ஒட்டிக்கொண்டாலோ, தோட்டாவுக்குப் பின்னால் இருக்கிற அத்தனை சாமர்த்தியமும் வீண்.

ரிச்சர்ட் கேட்லிங்கின் முதல் துப்பாக்கியில் இந்தக் குறை அப்பட்டமாகத் தெரிந்தது. அவர் விதை விதைக்கும் இயந்திரம் செய்து பெயர் வாங்கியவர், மருத்துவமும் படித்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862இல் காப்புரிமை பெற்றார். அந்த முதல் மாடலில் காகிதத் தோட்டாவை ஒரு இரும்புக் குப்பிக்குள் வைத்து, பின்னால் வெடி மூடி (தட்டினால் தீ மூட்டும் சிறு மூடி) பொருத்த வேண்டும். குப்பிக்கும் குழலுக்கும் நடுவில் இடைவெளி. அதன் வழியே வாயு கசிந்தது. இரண்டின் துளையும் நேர்கோட்டில் நிற்காவிட்டால் குண்டின் ஓரம் செதுக்கிக்கொண்டு போயிற்று. சில வருடங்களில் உலோகத் தோட்டாவுக்கு மாற்றியபிறகுதான் அமெரிக்க ராணுவம் 1866இல் அதை முறைப்படி ஏற்றது.

கேட்லிங்கின் அமைப்பு ஒரு தொழிற்சாலை ஆள் பார்த்தால் சிரித்துக்கொண்டே ரசிப்பான். நடுத்தண்டைச் சுற்றி ஆறு குழல்கள் (பத்துக் குழல் மாடல்களும் உண்டு). ஒவ்வொரு குழலுக்கும் பின்னால் அதற்கென்று ஒரு போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி, பின்பக்கத்தை அடைக்கும் துண்டு). எல்லாம் சேர்ந்து ஒரே கட்டாகச் சுற்றும். அவற்றை மூடியிருக்கும் உறையின் உள்சுவரில் சாய்வான ஒரு தடம் அசையாமல் நிற்கும். கைப்பிடியைச் சுற்றினால் போல்ட்கள் அந்தத் தடத்தின்மேல் ஏறி இறங்குகின்றன. மேலே வரும்போது தோட்டா அதன் எடையால் தானாக விழுகிறது. கீழ்நோக்கிப் போகப் போகப் போல்ட் அதை அறைக்குள் தள்ளுகிறது. அடியில் வந்ததும் ஊசி தட்டுகிறது. மறுபக்கம் ஏறும்போது போல்ட் பின்வாங்கிக் காலிக் கூட்டை இழுத்துப் போடுகிறது. ஒரு குழலில் தோட்டா ஏறிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று சுடுகிறது, மற்றொன்று காலியாகிறது. ஒரு சுற்றில் ஒவ்வொரு குழலும் ஒரே முறைதான் சுடுகிறது, அதனால் சூடும் ஆறாகப் பிரிந்துவிடுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 200 குண்டு.

ஓடவைக்கும் சக்தி வெளியிலிருந்து, அதாவது மனிதன் கையிலிருந்து வருகிறது. இதில் ஒரு நன்மை, ஒரு பெரிய ஆபத்து. நன்மை என்னவென்றால், ஒரு தோட்டா வெடிக்காமல் புஸ்ஸென்று போனாலும் துப்பாக்கி அதைப் பொருட்படுத்தாது. கை சுற்றச் சுற்ற அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததுக்குப் போகும். ஆபத்து என்னவென்றால், சில தோட்டாக்கள் தட்டியதும் உடனே வெடிக்காமல் ஒரு கணம் தாமதித்து வெடிக்கும். கைப்பிடி சுற்றுகிறவனுக்கு அது தெரியாது. போல்ட் திறக்கிற நேரத்தில் தோட்டா வெடித்தால் பித்தளை பிளந்து வாயு முழுக்க இயந்திரத்துக்குள்ளேயே பாயும்.

அப்புறம் மனிதன் கை. பயிற்சி மைதானத்தில் நிதானமாகச் சுற்றுகிற கை, எதிரி ஐம்பது கஜத்தில் ஓடி வரும்போது நிதானமாகச் சுற்றுமா? தோட்டா விழுவதோ புவியீர்ப்பை நம்பி. கைப்பிடி பறந்தால் தோட்டா முழுக்க விழுந்து படுப்பதற்குள் போல்ட் வந்து இடிக்கும். துப்பாக்கியைச் சரிவான நிலத்தில் சாய்த்து வைத்தாலும் இதே கதை. மேலிருந்து தோட்டா ஊட்டும் பெட்டிகளை 1880களில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததற்கு இதுதான் காரணம். தென்னாப்பிரிக்காவில் 1879 ஜூலையில் நடந்த உலுண்டி சண்டையில் கேட்லிங்குகள் ஜூலுப் படையை நிறுத்தியதும் உண்மை, நடுநடுவே பலமுறை சிக்கி நின்றதும் உண்மை.

சிக்கியதில் பிரபலமானது கேட்லிங் இல்லை, கார்ட்னர் என்ற இன்னொரு துப்பாக்கி. ஒன்று முதல் ஐந்து குழல்கள் பக்கத்தில் பக்கத்தில், பின்னால் கையால் சுற்றுவது. 1885 ஜனவரி 17, சூடானில் அபு கிளியா. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சார்லஸ் பெரஸ்ஃபோர்ட் ஐந்து குழல் கார்ட்னரைச் சதுர அணிக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய்த் தானே சுட்டார். சுமார் 70 குண்டுகளுக்குப் பிறகு நின்றுவிட்டது. கொக்கி, காலிக் கூட்டின் அடித்தட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. வெறும் குழாயாக மீதிக் கூடு குழலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக் குனிந்தபோது எதிரிகள் மேலேயே வந்துவிட்டார்கள். அவர் பிழைத்தார், துப்பாக்கியோடு இருந்த பலர் பிழைக்கவில்லை. இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் பாடியவர்கள் கேட்லிங் சிக்கியதாகப் பாடிவிட்டார்கள். கேட்லிங் பாவம்.

“அந்தக் கொக்கி பலவீனமா?” என்றால் இல்லை, கொக்கி அளவுக்கு மீறியே பலமாக இருந்தது. கிழிந்தது பித்தளை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளுக்கான பாக்சர் தோட்டாவின் கூடு ஒரே துண்டாக வார்க்கப்பட்டதில்லை. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்புத் தட்டைப் பொருத்தியது. ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் ரைஃபிளில்கூட, குழல் சூடாகி உள்ளே கரி படிந்தால் அது ஒட்டிக்கொண்டு கிழியும். வெறியோடு இழுக்கும் இயந்திரத்தில் கேட்கவே வேண்டாம். ஒரே பித்தளைத் துண்டிலிருந்து இழுத்துச் செய்த கெட்டிக் கூடு பரவலான பிறகு இந்தத் தலைவலி பெருமளவு தீர்ந்தது. தோட்டாவையும் இயந்திரத்தின் ஒரு உதிரிப்பாகமாக, அதே துல்லியத்தோடு செய்ய வேண்டும் என்பது ராணுவங்களுக்கு உறைக்க இருபது வருடம் ஆயிற்று.

பிரான்ஸின் மித்ராயூஸ் வேறு வகைக் கோமாளித்தனம். 1866இல் ரகசியமாக ஏற்றுக்கொண்டார்கள். 25 குழல்களை ஒரு கட்டாகப் பீரங்கி வண்டியில் ஏற்றியது. 25 தோட்டா குத்திய தட்டைப் பின்னால் செருகி, கைப்பிடியைச் சுற்றினால் வரிசையாக வெடிக்கும். அப்புறம் தட்டை உருவி அடுத்ததைச் செருக வேண்டும். இயந்திரமாகப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் குழல்கள் எல்லாம் ஒரே திசையில் இறுகி நிற்பதால் 25 குண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குப் போயின. ஒரு வரிசை ஆட்களை வீழ்த்த வேண்டியது, ஒரே ஆளைப் பல தடவை துளைத்தது. பார்க்கப் பீரங்கி மாதிரி இருந்ததால் 1870 போரில் பீரங்கி மாதிரியே தூரத்தில் நிறுத்தினார்கள். ஜெர்மானியர்களின் நிஜப் பீரங்கிகள் அவற்றைத் தேடிப் பிடித்து அடித்தன. ரகசியம் காத்ததில் சொந்தப் படைக்கே பயிற்சி கிடைக்கவில்லை என்பது தனிக் கூத்து.

சரி, மாக்சிமுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது.

ஹைரம் மாக்சிம் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துக்காரர், லண்டனில் ஹாட்டன் கார்டனில் பட்டறை போட்டார். ராணுவ ரைஃபிளைச் சுட்டபோது தோளில் வாங்கிய உதைதான் இவருக்கு யோசனை தந்ததாகச் சொல்வார்கள். அந்த உதை வீணாகப் போகிற சக்தி. அதையே பிடித்து அடுத்த தோட்டாவை ஏற்றினால் என்ன? 1883இலிருந்து காப்புரிமைகள், 1884இல் சுட்டுக் காட்டும் நிலை. நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டு, ஒரே குழலில், விரலை அழுத்தினால் போதும்.

உள்ளே இருப்பது முழங்கால் மாதிரியான ஒரு மூட்டு. காலை நீட்டி முட்டியை நேராக வைத்துச் சுவரில் உதைத்துக்கொண்டு நின்றால் எவ்வளவு தள்ளினாலும் மடங்காது. முட்டியின் பின்னால் லேசாகத் தட்டினால் பொசுக்கென்று மடங்கும். அதேதான் இங்கும். வெடிக்கிற கணத்தில் மூட்டு நேராக நின்று பின்பக்கத்தைப் பூட்டி வைக்கிறது. குழலும் பூட்டும் (பின்பக்கத்தை அடைத்து நிற்கும் துண்டு) ஒன்றாகச் சேர்ந்து சுமார் 2 செ.மீ. பின்னால் நகர்கின்றன. அதற்குள் குண்டு குழலை விட்டுப் போய் அழுத்தம் இறங்கிவிடுகிறது. அந்த நகர்வின் கடைசியில் மூட்டின் வெளிக்கைப்பிடி ஒரு தடையில் மோதி மூட்டை மடக்குகிறது. குழல் நின்றுவிட, பூட்டு மட்டும் தொடர்ந்து பின்னால் போகிறது. போகும்போது ஒரு கையால் அறையிலிருந்து காலிக் கூட்டையும், இன்னொரு கையால் தோட்டாக்கள் செருகிய துணிப் பட்டையிலிருந்து புதுத் தோட்டாவையும் ஒரே சமயத்தில் உருவிக்கொண்டு போகிறது. பூட்டின் முகத்தில் இருக்கும் தட்டு கீழே இறங்க, புதுத் தோட்டா அறைக்கு நேராகவும் காலிக் கூடு வெளியேறும் வழிக்கு நேராகவும் வந்து நிற்கின்றன. முறுக்கேறிய ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னால் இழுக்கிறது. மூட்டு நேராகிறது, ஊசி விழுகிறது.

தாமதமாக வெடிக்கும் தோட்டாவின் ஆபத்து இங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். வெடிக்காவிட்டால் உதை இல்லை, உதை இல்லாவிட்டால் பூட்டு திறக்காது. ஆனால் அதே காரணத்தால் கேட்லிங்கின் நன்மையும் போயிற்று. ஒரே ஒரு தோட்டா புஸ்ஸானால் மாக்சிம் அப்படியே நின்றுவிடும். ஆள் கைப்பிடியை இழுத்து அதை வெளியே போட வேண்டும்.

இன்னொன்று, இந்த இயந்திரத்தின் எரிபொருளும் தோட்டாதான். மருந்து கொஞ்சம் குறைந்தால் உதை குறையும், பூட்டு முழுதாகப் பின்னால் போகாது. எண்ணெய் காய்ந்தாலும் இதேதான். பழைய கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் கரியாகவும் உப்பாகவும் மிஞ்சும். சில நூறு குண்டுகளில் குழலும் மூட்டும் பிசுபிசுத்துப் போகும், எதிரே வெள்ளைப் புகை மூடி எதைச் சுடுகிறோம் என்றே தெரியாது. பிரான்ஸில் பால் வியே 1884இல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தது மாக்சிமுக்கு அடித்த யோகம். கரி குறைந்தது, ஒவ்வொரு தோட்டாவின் உதையும் ஒரே அளவில் வந்தது.

கைப்பிடி வெளியே இருந்ததில் ஒரு அருமையான வசதி கிடைத்தது. மாக்சிமின் வாரிசான விக்கர்ஸ் துப்பாக்கிக்காரர்களுக்கு, துப்பாக்கி நின்றால் முதலில் கைப்பிடி எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நான்கு நிலைகள். ஏறக்குறைய நிமிர்ந்து நின்றால் உதை போதவில்லை, எண்ணெயையோ ஸ்பிரிங்கையோ பார். முழுக்கப் படுத்திருந்தும் சுடவில்லை என்றால் தோட்டா புஸ், அல்லது ஊசி உடைந்திருக்கிறது, அல்லது பட்டையில் அந்த இடம் காலி. நடுவில் நின்றால் கிழிந்த கூடோ, கோணலாக வந்த தோட்டாவோ. இருட்டில் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். நான் பார்த்த எத்தனையோ கம்ப்யூட்டர் திரை வைத்த இயந்திரங்கள் கோளாறை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பட்டை துணி என்பதால் அதற்கும் தனிச் சேட்டை உண்டு. நனைந்தால் உப்பும், தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் சுருங்கும். 250 தோட்டாக்கள் தொங்கும் பட்டையின் எடையைத் தூக்குவதும் அதே உதைதான், ஆகவே பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கையால் நேராக ஊட்ட வேண்டியிருந்தது.

இனி சூடு. மாக்சிம் குழலைச் சுற்றித் தண்ணீர் உறை போட்டார். விக்கர்ஸில் சுமார் 4 லிட்டர் பிடிக்கும், தொடர்ந்து சுட்டால் 600 குண்டுகளுக்குள் கொதித்துவிடும். இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். 4 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 1,340 கிலோஜூல் வேண்டும். 600ஆல் வகுத்தால் ஒரு தோட்டா சராசரியாக 2.2 கிலோஜூல் வெப்பத்தைத் தண்ணீரில் இறக்குகிறது. குண்டு எடுத்துக்கொண்டு பறக்கும் சக்தியே 3 கிலோஜூலுக்குச் சற்று மேல்தான். அதாவது இது துப்பாக்கியாக இருக்கிற அளவுக்குக் கிட்டத்தட்ட கொதிகலனாகவும் இருந்தது. ஒருமுறை கொதித்துவிட்டால் அப்புறம் ஆயிரம் குண்டுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் ஆவியாகும். ஆவி மேலெழுந்தால் எதிரிக்கு இடம் தெரியும் என்று குழாய் வைத்து ஒரு டின்னுக்குள் விட்டார்கள், தண்ணீரும் மிச்சமாயிற்று. குளிர்நாட்டில் அதே தண்ணீர் உறைந்து உறையைப் பிளக்காமல் இருக்க கிளிசரின் கலந்தார்கள். குழல் முன்னும் பின்னும் நகர்ந்தாக வேண்டும், தண்ணீரோ கசியக் கூடாது. அதற்கு இரு முனையிலும் கல்நார் கயிற்றைக் கிரீஸில் தோய்த்துச் சுற்றினார்கள். இறுக்கிச் சுற்றினால் குழல் நகராது, தளர்த்திச் சுற்றினால் ஒழுகும். பழைய மோட்டார் பம்பில் கிளாண்ட் கயிறு மாற்றியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

தண்ணீர் வேண்டாம் என்று போனவர்களும் இருந்தார்கள். பிரான்ஸின் ஹாச்கிஸ், குழலின் பின்பகுதியைச் சுற்றித் தடித்த உலோக வளையங்களை வைத்துக் காற்றில் ஆற்றியது. உதைக்குப் பதில் குழலிலிருந்து கொஞ்சம் வாயுவைத் திருப்பி ஒரு பிஸ்டனைத் தள்ள வைத்தது. பட்டைக்குப் பதில் 24 அல்லது 30 தோட்டா கொண்ட உலோகத் தகடு, அதனால் சில நொடிகளுக்கு ஒருதரம் அடுத்த தகட்டைச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1895இல் வந்த துப்பாக்கியில் வாயு ஒரு நெம்புகோலைக் குழலுக்கு அடியில் ஊஞ்சல் போல வீசியடிக்கும். தாழ்வாக வைத்துச் சுட்டால் அது மண்ணைத் தோண்டும். சிப்பாய்கள் வைத்த பெயர் ‘உருளைக்கிழங்கு தோண்டி’.

சூட்டில் இன்னொரு விபரீதம், அறை ரொம்பக் காய்ந்துபோனால் உள்ளே காத்திருக்கும் தோட்டா ஊசி தட்டாமலே வெடிக்கும். குழலின் உள்வரிகளும் (குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்கள்) தேயும். விக்கர்ஸில் சுமார் 10,000 குண்டுக்கு ஒருமுறை குழலையே மாற்றினார்கள்.

கடைசியாக எடை. ஜெர்மனியின் 1908ஆம் வருட மாக்சிம், தாங்கியும் தண்ணீரும் சேர்த்து 60 கிலோவுக்கு மேல். ஆரம்பக் காலத்தில் பீரங்கி மாதிரி சக்கர வண்டியில்தான் இழுத்தார்கள். 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டைக்குப் போன அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி கஸ்டர், வேகம் குறையும் என்று கேட்லிங்குகளை வேண்டாம் என்று விட்டுப் போனார். நம் நாட்டிலும் ஒரு உதாரணம் இருக்கிறது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுட்டது ரைஃபிள்களால். சுட உத்தரவிட்ட பிரிட்டிஷ் அதிகாரி டயர், இயந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வண்டிகளைக் கொண்டுதான் வந்தார், சந்து குறுகலாக இருந்ததால் அவை உள்ளே வர முடியவில்லை. வந்திருந்தால் பயன்படுத்தியிருப்பேன் என்ற பொருளில் விசாரணைக் குழுவிடம் அவரே சொன்னார்.

கேட்லிங்கை அமெரிக்க ராணுவம் 1911இல் காலாவதி என்று ஒதுக்கியது. ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஜெட் விமானங்களுக்கு நிமிடத்துக்குப் பல ஆயிரம் குண்டு வேண்டும் என்றபோது ஒற்றைக் குழல் எதுவும் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. ஒரு பழைய கேட்லிங்கை எடுத்து, கைப்பிடிக்குப் பதில் மின்மோட்டார் மாட்டிச் சுட்டுப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான குண்டு என்ற வேகத்தில் ஓடியது. அதிலிருந்து பிறந்ததுதான் இன்றும் போர் விமானங்களில் இருக்கும் வல்கன். அதே ஆறு குழல், அதே சாய்வுத் தடம். நடுவில் ஒரு தோட்டா புஸ்ஸானால், பறந்துகொண்டிருக்கும் விமானி கீழே இறங்கிவந்து கைப்பிடியை இழுக்க முடியாதல்லவா? மோட்டார் அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறது.